பாடத் தெரியாதவள் பாடிய பாட்டு

மேடையில் பெரிய வித்வான். அவர் பாடுவது தெலுங்குக் கீர்த்தனை. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். வித்வானுக்குக் கோபம் சுர்ரென்று ஏறுகிறது. சங்கீதம் தெரிந்தவனுக்கு மொழி எதற்கு என்கிறார். தெரியாதவர்கள் என்ன செய்வது என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். வார்த்தை வளர்கிறது. அப்படியானால் நீயே வந்து பாடிக் காட்டு என்கிறார் வித்வான். அவள் மேடையேறுகிறாள்.

1985-ல் வந்த 'சிந்து பைரவி'யில் வரும் இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவுதான். படத்தை முழுசாகப் பார்க்காதவர்கள்கூட இந்தப் பாட்டை மட்டும் எங்கேயாவது பார்த்திருப்பார்கள். ஜே.கே.பி.யாக சிவகுமார், சிந்துவாக சுஹாசினி. இயக்கம் கே.பாலசந்தர். பாட்டு, 'பாடறியேன்'.

நம்மில் பெரும்பாலோர் இந்தக் காட்சியில் சிந்துவின் துணிச்சலைப் பார்க்கிறோம், ஜே.கே.பி.யின் முகம் மாறுவதைப் பார்க்கிறோம். எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுவது வேறு: திரைக்குப் பின்னால் ஒருவருக்கு எவ்வளவு பெரிய சிக்கல் இது!

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று திரைக்கதையில் எழுதிவிடலாம். அரங்கம் கைத்தட்டுவதாகவும், வித்வான் வாயடைத்துப் போவதாகவும் எழுதிவிடலாம். ஆனால், தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவன் காதில் அந்தப் பாட்டு ஜெயிக்கவில்லை என்றால்? அங்கேயே படம் முடிந்தது. வசனமோ நடிப்போ கேமராவோ அதைக் காப்பாற்றாது. ஒரு வித்வானின் கர்வத்தை உடைக்கிற பாட்டு என்று சொல்லிவிட்டு, உடைக்காத பாட்டைப் போட்டால் ரசிகன் சிரித்துவிடுவான். அப்புறம் ஜே.கே.பி. அவளைத் தேடிப் போவதை, குடித்துச் சீரழிவதை எவன் நம்புவான்?

மொத்தப் படத்தின் பாரத்தையும் ஒரே பாட்டின் தலையில் ஏற்றி வைத்தார் பாலசந்தர். இத்தனைக்கும் அவர் இயக்கத்தில் இளையராஜா இசையமைத்த முதல் படம் இது!

அந்தப் பாட்டுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளையும் பாருங்கள். கேட்டதும் படிக்காத ஒருத்தி வயக்காட்டில் பாடுவதுபோல இருக்க வேண்டும். ஆனால், அது வெறும் தெம்மாங்காக நின்றுவிட்டால் வித்வான் மசியமாட்டார், 'நாட்டுப்பாட்டுதானே' என்று போய்விடுவார். ஆக, உள்ளே கனமான ராகம் ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். அது முதலிலேயே தெரிந்துவிடவும் கூடாது. கடைசியில் அது வெளிப்படும்போது, 'அட, இவ்வளவு நேரம் கேட்டதும் இதுதானா!' என்று ராகம் தெரியாதவனுக்கும் உறைக்க வேண்டும். ஒட்டு வேலை எங்கேயும் கண்ணில் படக் கூடாது.

இளையராஜா எடுத்தது சாரமதி ராகம்.

ஏழு படி ஏறி, ஐந்து படி இறங்கி...

சங்கீதம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். என்னைப் போலக் கேள்வி ஞானத்தில் ஓடுகிறவர்களுக்காக இது. சாரமதி, நடபைரவி என்ற மேளத்தில் பிறந்த ராகம். மேலே ஏறும்போது ஏழு சுரங்களும் உண்டு. கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் 'மைனர் ஸ்கேல்' வாசிக்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய அதே ஏற்றம்தான். கீழே இறங்கும்போது பஞ்சமமும் ரிஷபமும் கழன்றுகொள்கின்றன. மிஞ்சுவது ஐந்தே சுரம். அந்த ஐந்து சுர இறக்கம் அச்சு அசல் ஹிந்தோளத்தினுடையது. 'மனமே முருகனின் மயில்வாகனம்' பாட்டைத் தெரியும்தானே? அந்த ராகம்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து சுரங்களில் சுற்றிவரும் மெட்டுகள் நம் கிராமத்துப் பாட்டில் நிறைய உண்டு. தாலாட்டிலும் கேட்கலாம், ஒப்பாரியிலும் கேட்கலாம். ஏறும்போது கச்சேரி ராகமாகவும் இறங்கும்போது ஊர்ப்பாட்டாகவும் காதுக்குப் படக்கூடிய ஒரு ராகத்தைப் பிடித்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பிடித்தாரா, கை போன போக்கில் வந்து விழுந்ததா என்றெல்லாம் நான் கவலைப்படுவதில்லை. பிடித்தது சரியான ராகம்.

கச்சேரி உலகத்தில் சாரமதி என்றால் உடனே நினைவுக்கு வருவது தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா'. அந்தக் கீர்த்தனையையே கடைசியில் கொண்டுவந்து வைத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள். இளையராஜா அப்படிச் செய்யவில்லை. 'மரி மரி நின்னே' என்ற வேறொரு தியாகராஜர் கீர்த்தனையை எடுத்தார். அது காம்போஜி ராகத்தில் அமைந்தது. அதைக் கழற்றி, சாரமதியில் புதிதாக மெட்டமைத்துவிட்டார்!

காம்போஜி என்றால் லேசுப்பட்ட ராகம் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் 'திருவடி சரணம்', தியாகராஜரின் 'ஓ ரங்கசாயி' எல்லாம் அதில்தான். நாகஸ்வரத்தில் கேட்டால் கோயில் பிராகாரம் கண்முன் விரியும். அதிலிருக்கிற கீர்த்தனையைச் சினிமாக்காரர் ஒருவர் கழற்றி மாற்றினால் சங்கீத வட்டாரத்தில் முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? எழுந்தது. மும்மூர்த்திகளில் ஒருவர் போட்ட மெட்டை மாற்ற நீ யார் என்கிற கேள்வி அது. அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தியாகராஜர் சொல்லை மட்டும் எழுதித் தரவில்லை, ராகத்தோடு சேர்த்தே தந்தார். ஆனால், மாற்றி மெட்டமைப்பது நம் மரபில் புதிதும் இல்லை. இன்றைக்கு மார்கழியில் நாம் கேட்கும் திருப்பாவை மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்துத் தந்தவை. அவற்றை இன்று யாரும் சினிமா என்று சொல்வதில்லை!

இந்தக் கீர்த்தனையை ஏன் எடுத்தார்? அதன் பொருளைப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ராமா, இத்தனை தடவை கூப்பிட்டு முறையிட்டும் உன் மனசு இளகவில்லையே என்று தியாகராஜர் அதில் கேட்கிறார். யானை கூப்பிட்டதும் ஓடிப்போன சாமி, என் குரலுக்கு ஏன் வரவில்லை என்கிற ஆதங்கம். இப்போது சிந்துவை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே உட்கார்ந்திருக்கிற ஜனம் சார்பாக, மேடையில் உயரத்தில் இருக்கிற ஒருவரிடம், 'எங்களுக்கும் புரிகிற மாதிரி பாடக்கூடாதா' என்று முறையிட வந்தவள் அவள். பாட்டின் தமிழ் வரிகளில் வைரமுத்து எழுதியதும் அந்த முறையீடுதான். வசதியுள்ளவர்கள் கேட்டுத் தலையாட்டுவது போதாது, சேரிக்கும் இசை வந்து சேர வேண்டும் என்கிறாள். சொன்னதில் தப்பிருக்கிறதா என்றும் கேட்கிறாள். அந்தக் கேள்வி முடிந்து, சுரங்கள் புறப்பட்டு, கீர்த்தனையில் போய் விழும்போது, முறையீட்டின் மொழி மட்டும்தான் மாறுகிறது. முறையீடு அப்படியே இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. தமிழில் பாடு என்று கேட்டு மேடையேறியவள், தெலுங்கில்தான் முடிக்கிறாள்! முதன்முதலில் இது புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அதன் அழகு பிடிபட்டது. அவளுக்குத் தெலுங்கு மேல் கோபமே இல்லை. தியாகராஜர் நம் காவிரிக்கரையில், திருவையாற்றில் உட்கார்ந்து பாடியவர். அவரைத் தூக்கி எறி என்று அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்தாதே என்றுதான் சொல்கிறாள். இதை வசனமாக எழுதியிருந்தால் பிரசங்கமாகப் போயிருக்கும். மெட்டில் சொன்னதால் வாதமே இல்லாமல் முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, தமிழில் பாடச் சொல்லிக் கேட்கும் இந்தப் படத்தின் இரண்டு முக்கியக் குரல்களும் மலையாளக் குரல்கள். ஆணுக்கு கே.ஜே.யேசுதாஸ், பெண்ணுக்கு கே.எஸ்.சித்ரா.

நாற்பது வருடம் பழைய கேள்வி

சிந்து கேட்ட கேள்வி 1985-ல் புதிது இல்லை. 1940களில் தமிழ்நாட்டையே இரண்டாக்கிய கேள்வி அது. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டுகள் கடைசியில், 'துக்கடா' என்ற பெயரில் உதிரியாகப் பாடப்பட்டுவந்த காலம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்காகப் பணமும் செல்வாக்கும் கொடுத்தார். ராஜாஜி ஆதரித்தார். கல்கி பத்திரிகையில் எழுதி எழுதிப் போராடினார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. சங்கீதத்துக்கு மொழி முக்கியமில்லை என்று ஜே.கே.பி. சொல்வது அந்தக் காலத்திலேயே பலர் சொன்னதுதான்.

அந்தப் போராட்டம் பெரும்பாலும் மொழியைப் பற்றியது. படித்தவர்கள் படித்தவர்களோடு போட்ட சண்டை என்றும் சொல்லலாம். 'பாடறியேன்' அதற்கு ஒரு படி கீழே இறங்கிக் கேட்டது. தமிழில் பாடினால் போதுமா? யார் பாட்டை, யார் மெட்டை, யாருக்காகப் பாடுகிறாய்?

இந்தக் கேள்வியை மெட்டாக்க இளையராஜாவைவிடப் பொருத்தமான ஆள் அன்றைக்கு யார் இருந்தார்கள்? பண்ணைப்புரத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய், பொதுவுடைமை மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். நாத்து நடுகிறவர்களும் கதிரறுக்கிறவர்களும் மண்ணில் உட்கார்ந்து கேட்ட கச்சேரிகள் அவை. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்னாடக இசை கற்றார். 1976-ல் 'அன்னக்கிளி'யில் அவர் கொண்டுவந்தது ஊர்ப்பாட்டின் வாசனை. சிந்து எந்த இடத்திலிருந்து எந்த மேடைக்கு ஏறினாளோ, அந்தப் படிக்கட்டு முழுவதும் ஏறிவந்தவர் இவர். நடுவில் எந்தப் படியில் கால் வழுக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

1985-லேயே அவர் இசையில் 'முதல் மரியாதை'யும் வந்தது. ஒரே வருடத்தில் ஆற்றங்கரை மண்ணையும் சபா மேடையையும் இரண்டு தனிப் படங்களாகக் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே பாட்டில் காட்டவும் செய்தார். அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் இளையராஜா, சிறந்த நடிகை சுஹாசினி, சிறந்த பின்னணிப் பாடகி சித்ரா. மூன்றுமே 'சிந்து பைரவி'க்கு. 'முதல் மரியாதை'க்காக வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலாசிரியர் விருது.

சித்ராவுக்கு அப்போது 22 வயது. தமிழில் பாட ஆரம்பித்த புதுசு. 'பூவே பூச்சூடவா'வில் 'சின்னக்குயில்' என்ற பெயர் அவருக்கு அப்போதுதான் ஒட்டியிருந்தது. கேரளத்தில் முறையாகச் சங்கீதம் படித்த பெண், தமிழ்க் கிராமத்துப் பேச்சில், படிக்காதவள் மாதிரி பாட வேண்டும். நல்ல பயிற்சியுள்ள குரலுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை, பயிற்சி இல்லாதது போலப் பாடுவதுதான். கமகம் தானாக வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தள்ளி நிறுத்த வேண்டும். ஆரம்பத்தில் அவர் நேராக, வெள்ளந்தியாகப் பாடுவதைக் கவனியுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசைவுகளை உள்ளே விடுகிறார். சுரம் வரும்போது பூட்டைத் திறந்துவிடுகிறார். அவர் பின்னால் வாங்கிய ஆறு தேசிய விருதுகளில் இதுதான் முதலாவது. என்னைக் கேட்டால், ஆறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"எனக்கு எங்க பாட்டுத் தெரியும்?"

எங்கள் பெரியம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நடவு வயலில் அவர்தான் முதல் குரல். அவர் ஓர் அடி எடுத்துக் கொடுத்தால், பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்கள். வெயிலுக்கு ஒரு மெட்டு, கரையேறும் நேரத்துக்கு ஒரு மெட்டு. நடுவில் வரப்பில் நிற்கிற மேஸ்திரியை நக்கலடித்து இட்டுக்கட்டிய வரிகளும் விழும். யாராவது, 'நல்லா பாடுறீங்களே' என்று சொன்னால் போதும், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். 'எனக்கு எங்க பாட்டுத் தெரியும்? அது வேலைக்குப் பாடுறது' என்பார். பொய்யடக்கம் இல்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். பாட்டு என்றால் ரேடியோவில் வருவது, மேடையில் வருவது. தான் பாடுவதற்கு அந்தப் பெயர் இல்லை.

டி.வி.யில் 'சிந்து பைரவி' ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் 'பாடறியேன்' வந்ததும் கையை நிறுத்திவிட்டார். 'இது நம்ம பாட்டுல்ல?' என்றார். கீர்த்தனை வந்ததும் எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. முடிகிறவரை பார்த்துவிட்டு, 'கடைசியில சாமி பாட்டா ஆக்கிட்டா பாரு' என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தார். சாரமதி, நடபைரவி, காம்போஜி எதுவும் தெரியாமல் அவர் சொன்ன அந்த ஒரு வரி விமர்சனம், நான் இவ்வளவு நேரம் மூச்சுமுட்டச் சொன்னதை எல்லாம் சொல்லிவிடுகிறது.

இப்போது எங்கள் ஊரில் நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. முதுகு நோவு குறைந்தது நல்லதுதான், பாட்டுக்காக யாரும் குனிந்து நிற்க வேண்டாம். பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பாட்டுக் கற்றுக்கொள்ளும் என் அண்ணன் மகள், போன தையில் அவரைத் தாஜா பண்ணி மூன்று பாட்டைச் செல்போனில் பதிவுசெய்தாள். மொத்தம் பதினோரு நிமிஷம். நடுவில் ஒரு ஆடு கத்துகிறது, குக்கர் விசில் அடிக்கிறது. பாடி முடித்ததும், 'அப்பாயி, உங்களுக்குப் பாட்டுத் தெரியும்' என்று இவள் சொல்ல, 'போடி' என்கிறார். அதுவும் பதிவாகியிருக்கிறது.

மற்ற பாட்டுகளும், ஒரு மனத்தாங்கலும்

'பாடறியேன்' வெளிச்சத்தில் மற்ற பாட்டுகள் மங்கிவிடக் கூடாது. 'கலைவாணியே' ஒன்று போதும், தனிக் கட்டுரை எழுதலாம். கல்யாணி ராகத்தில் ஆரோகணம் மட்டும் வைத்து அமைத்த பாட்டு அது. அதாவது, சுரங்கள் ஏறிக்கொண்டே இருக்கும். படிப்படியாக இறங்கவே இறங்காது. கீழே வர வேண்டுமென்றால் ஒரே தாவாகத் தாவி வந்து, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். மாடிப்படியில் இப்படிச் செய்தால் காலை உடைத்துக்கொள்வோம். யேசுதாஸ் அசராமல் பாடுகிறார். கேட்கும்போது ஏதோ ஒரு தவிப்பு நம்மைத் தொற்றிக்கொள்கிறதே தவிர, இந்தக் கணக்கு எதுவும் தெரிவதில்லை. படத்தில் இதைப் பாடுவது ஜே.கே.பி. ஏறத் தெரிந்த, இறங்கத் தெரியாத மனிதர். அவருக்கு இறங்காத ஒரு மெட்டு. இது என் வாசிப்பு, ஒப்புக்கொள்வதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம்.

'நான் ஒரு சிந்து'வில் பெயரிலேயே விளையாட்டு இருக்கிறது. சிந்து என்பது கதாநாயகி பெயர். தமிழில் அது ஒரு பாட்டு வகை. காவடிச் சிந்து, நொண்டிச் சிந்து என்று நாம் கேட்டதுதான். சிந்து பைரவி ஒரு ராகம். கச்சேரி முடிகிற நேரத்தில், கனமெல்லாம் இறக்கி வைத்தபிறகு வருகிற ராகம். பைரவி, ஜே.கே.பி.யின் மனைவி பெயர். பாட்டை அந்த ராகத்திலேயே போட்டு, தான் யாருக்குப் பிறந்தவள் என்று வெளியே சொல்ல முடியாத ஒரு பெண்ணின் வலியை அதற்குள் வைத்தார்கள். வார்த்தைகளைச் சித்ரா ஒரு இழை அதிகமாக அழுத்தியிருந்தால் நாடகமாகியிருக்கும். அழுத்தவில்லை.

'பூமாலை வாங்கி வந்தான்' கானடா ராகம். சீரழிந்துபோன வித்வானைப் பற்றிய பாட்டை, அவ்வளவு கம்பீரமான ராகத்தில் வைத்திருப்பதுதான் அதிலிருக்கிற சோகம். விழுந்தவனைப் பார்த்துப் பரிதாபப்படுவதைவிட, எங்கிருந்து விழுந்தான் என்று காட்டினால் இன்னும் வலிக்கும். 'மனதில் உறுதி வேண்டும்' பாரதியார் பாட்டு. அந்தத் தலைப்பிலேயே 1987-ல் பாலசந்தர் சுஹாசினியை வைத்து இன்னொரு படம் எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மனத்தாங்கல் எனக்கு 'தண்ணித் தொட்டி' பாட்டு மேல். தப்பாக நினைக்காதீர்கள், பாட்டு அமர்க்களமான பாட்டு. திருவிழாவில் ஒலிபெருக்கியில் கேட்டால் கால் தானாக ஆடும். நெருடல், படத்தில் அது வருகிற இடம். குடிக்கு அடிமையான ஜே.கே.பி., ஒரு வாய்ச் சாராயத்துக்காகத் தெருக்கூட்டத்தின் நடுவில் ஆடிப் பாடுகிறார். 'பாருங்கள், எவ்வளவு பெரிய வித்வான், எந்த நிலைக்கு வந்துவிட்டார்' என்று நாம் கண்கலங்க வேண்டிய காட்சி. ஆனால், வீழ்ச்சியின் அடையாளமாக அங்கே எது வைக்கப்பட்டிருக்கிறது? நாட்டுப்புற மெட்டு! ஊர்ப்பாட்டும் கச்சேரிப் பாட்டும் ஒன்றுதான் என்று படத்தின் முதல் பாதியில் சிந்து பாடி நிரூபித்தாள். இரண்டாம் பாதியில் படமே அதை மறந்துவிட்டு, ஊர்ப்பாட்டு பாடினால் கீழே இறங்கிவிட்டதாக அர்த்தம் என்கிறது. கேள்வியைப் பாதியில் விட்டது திரைக்கதைதான். மெட்டுப் போட்டவர் விடவில்லை என்பேன். 'தண்ணித் தொட்டி'யில் ஒரு சுரத்தைக்கூட அவர் ஏளனமாக வைக்கவில்லை. இழிவாகக் காட்ட வேண்டிய பாட்டை இவ்வளவு சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்ததே அவர் செய்த ஒரு சின்ன எதிர்ப்போ என்றுகூட எனக்குத் தோன்றும். ரசிகன் புத்தி அப்படித்தான் போகும்.

சிந்துவுக்கும் படம் முழு நியாயம் செய்யவில்லை. கேள்வி கேட்டவள் அவள், திருத்தியவள் அவள், கடைசியில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதும் அவள்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால், 'ஏன் எல்லாத்தையும் அவங்களே தியாகம் பண்ணணும்?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை. பாட்டில் கிடைத்த சமத்துவம் அவளுக்குக் கதையில் கிடைக்கவில்லை.

பாலசந்தரும் இளையராஜாவும் இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடவில்லை. 1988-ல் தெலுங்கில் 'ருத்ரவீணா', அதையே தமிழில் 'உன்னால் முடியும் தம்பி'. அங்கேயும் ஒரு பெரிய வித்வான், அங்கேயும் வாசலுக்கு வெளியே நிற்கிற ஜனங்கள். கேள்வி கேட்பது இந்தத் தடவை மகன். 'ருத்ரவீணா'வுக்கும் இளையராஜாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கு முன்பு, நாட்டியக்காரன் ஒருவனின் கதையான 'சாகர சங்கமம்' படத்துக்குக் கிடைத்திருந்தது. அவருடைய முதல் மூன்று தேசிய விருதுகளும் செவ்வியல் கலைஞர்களைப் பற்றிய படங்களுக்கே போயிருக்கின்றன. 'அன்னக்கிளி'க்கும் 'முதல் மரியாதை'க்கும் இசைக்காகக் கிடைக்கவில்லை. விருதுக் குழுக்களும் ஒரு சபாதானே!

இன்றிரவு சாப்பாடு முடிந்து, வீட்டில் சத்தம் அடங்கியபிறகு, போனில் 'பாடறியேன்' போடுங்கள். படம் பார்க்க வேண்டாம், காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். தெம்மாங்கு எந்த நொடியில் முடிகிறது, கச்சேரி எந்த நொடியில் ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். சுரம் வருகிற இடம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். இரண்டாவது முறை கேட்டால், அதற்கும் முன்னால், ஒரு வரியின் இழுப்பிலேயே ஆரம்பித்துவிட்டதுபோல இருக்கும். மூன்றாவது முறை கேட்டால் இன்னும் முன்னால் போகும். எனக்கு அது இப்போது முதல் வரிக்கு வந்து நிற்கிறது. உங்களுக்கு எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.